குருநகர் என்று எழுதினால் என்ன பிழை?

மின்னஞ்சல் முகவரி ஒன்று சரியா பிழையா என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பெயர், தேவைப்பட்டால் அதன் பின்னால் பிறந்த ஆண்டு, நடுவில் ‘அற்’ என்று சொல்லப்படும் @ குறி, அதன்பின் ஜிமெயில் டொட் கொம். இந்த அச்சுக்குள் வராத எதுவும் பிழை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் போட்டோக்கொப்பிக் கடைக்கு வரும் தாய்மாருக்கு இணையப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞரும், அந்தப் படிவத்தைக் கொழும்பில் இருந்து வடிவமைத்த மென்பொருள் பொறியியலாளரும் இந்த விடயத்தில் ஒரே கருத்துடையவர்கள். பெட்டிக்குள் தமிழ் எழுத்து ஒன்று விழுந்ததும் சிவப்பில் ஒரு வரி தோன்றுகிறது: சரியான மின்னஞ்சல் முகவரியைத் தரவும்.

அந்தச் சிவப்பு வரிதான் பிழை. ‘குருநகர்@’ என்று தொடங்கி ‘.இலங்கை’ என்று முடியும் ஒரு முகவரி 2012 ஆம் ஆண்டிலிருந்து உலகத் தரத்தின்படி முற்றிலும் சரியானது. அதை மறுக்கும் படிவம் எந்த விதியையும் காப்பாற்றவில்லை. ஒரு பழைய பழக்கத்தை விதியென்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை என்று எதைத் தொட்டாலும் முதலில் நிற்பது மின்னஞ்சல் பெட்டி. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது குருநகர் மக்களும் வீட்டையும் வீட்டிலக்கத்தையும் விட்டுப் போனார்கள். அப்படியொரு வரலாறு உள்ள ஊரில், ஆளோடு கூடவே போகக்கூடிய ஒரே முகவரி இதுதான். அந்த முகவரி தன் சொந்த எழுத்தில் இருக்கலாமா கூடாதா என்பதை ஒரு படிவத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் ஒற்றை வரி தீர்மானிக்கிறது. அந்த வரிக்கு என்ன அதிகாரம் என்று கேட்டே ஆகவேண்டும்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1971 இல் அமெரிக்காவில் ரே ரொம்லின்சன் என்ற பொறியியலாளர் ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்கு மடல் அனுப்பும் ஒழுங்கைச் செய்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தெரிந்தெடுத்தார். ஆட்களின் பெயரில் வராத குறி என்பதுதான் காரணம். 1982 ஓகஸ்டில் ஜோன் போஸ்ரல், டேவிட் குரொக்கர் ஆகியோர் எழுதிய இரண்டு ஆவணங்கள், ஆர்.எஃப்.சி. 821, 822 என்பவை, மடல் எப்படிப் போகவேண்டும், முகவரி எப்படி இருக்கவேண்டும் என்று வகுத்தன. அன்றைய கணினிகள் ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் அடங்கிய 128 இடங்கள் கொண்ட அட்டவணை ஒன்றையே பொதுவில் பேசின. எனவே முகவரியும் அந்த அட்டவணைக்குள் அடங்கியது. அது அந்தக் காலத்து இயந்திரத்தின் எல்லை. பிற மொழிகள் பிழை என்று அன்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

அந்த எல்லைக்குள்கூட விதி எவ்வளவு தாராளமானது என்பது படிவம் எழுதுவோரில் பலருக்குத் தெரியாது. @ குறிக்கு இடப்பக்கம் கூட்டல் குறி வரலாம், வகுத்தல் கோடு வரலாம், மேற்கோள் குற்று வரலாம், வியப்புக்குறி, சதவீதக் குறி, அலைக்கோடு எல்லாம் வரலாம். ஓர் எழுத்து மட்டும் இருந்தாலும் சரி. தடைகள் சில உண்டு. புள்ளி முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது, இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது, இடப்பக்கம் 64 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. இவற்றையெல்லாம் ஒரே தேடல் கோலத்தில் அடக்க முயன்ற ஒருவரின் நிரல் வரி ஆறாயிரம் எழுத்துகளுக்கு மேல் நீண்டது. அது கணினித்துறையில் பெயர்பெற்ற ஒன்று. நடைமுறையில் படிவம் எழுதுவோர் பத்து இருபது எழுத்தில் ஒரு கோலத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதுவே சட்டமாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய விதி ஒன்று இருக்கிறது. 2008 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321, @ குறிக்கு இடப்பக்கம் இருப்பதற்குப் பொருள் கொள்ளும் உரிமையை வலப்பக்கத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட சேர்வருக்கு மட்டுமே கொடுக்கிறது. நடுவில் நிற்கும் வேறெவருக்கும் அந்த உரிமை இல்லை. அதாவது, ‘குருநகர்’ என்ற பெயரில் ஒரு பெட்டி இருக்கிறதா என்பதை அந்தப் பெட்டியை வைத்திருக்கும் சேர்வர் சொல்லவேண்டும். ஒரு வங்கியின் படிவமோ ஒரு திணைக்களத்தின் இணையத்தளமோ சொல்ல முடியாது. தபாற்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், வீட்டுக்காரரின் பெயர் சரியான பெயர்தானா என்று படலையில் நின்று விசாரிக்கக் கூடாது. இந்த விதியை ஏற்றுக்கொண்டால், இடப்பக்கத்தைத் துருவிப் பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலானவை தரத்தை மீறியவை என்று ஆகிறது.

மீறல் தமிழர்களை மட்டும் தாக்கவில்லை. கூட்டல் குறியை எடுத்துக்கொள்வோம். ஜிமெயிலில் ஒருவர் தன் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்தால், அந்த மடலும் அவருடைய அதே பெட்டிக்கே வரும். ஒரு வீட்டில் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு மூத்த மகளின் பல்கலைக்கழக அலுவல், இளைய மகனின் பரீட்சை அலுவல், தகப்பனின் வங்கி அலுவல் மூன்றையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. குருநகர் போன்ற இடங்களில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், ஒரு கணக்கு என்ற நிலை இன்னும் இருக்கிறது. ஆனால் எத்தனையோ படிவங்கள் கூட்டல் குறியைக் கண்டதும் கதவைச் சாத்துகின்றன. விதி ஏற்றுக்கொண்ட குறி அது.

வெளிநாட்டு உறவுகளின் முகவரிகளிலும் எது சரி என்ற இதே மயக்கம் விளையாடியது. ஜேர்மனியில் பெயருரிமை வழக்கு ஒன்றினால் 2012 வரை புதிய ஜிமெயில் கணக்குகள் ‘கூகிள்மெயில் டொட் கொம்’ என்ற முடிவுடன்தான் கிடைத்தன. பிரித்தானியாவிலும் சில ஆண்டுகள் அதே நிலை. சுவிஸில் இருப்பவர் முகவரி ‘டொட் சி.எச்.’ என்று முடியலாம், பிரான்ஸில் இருப்பவர் முகவரி ‘டொட் எஃப்.ஆர்.’ என்று முடியலாம். ஊரில் இருப்பவர் டொட் கொம் இல்லாததைப் பிழையென்று எண்ணித் திருத்தி எழுதினால், திருத்தம்தான் மடலைத் தொலைக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். கோலம் பார்க்கும் சோதனை சரியான முகவரியைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, பிழையான முகவரியைக் கைகொடுத்து உள்ளே அழைக்கிறது. ஜிமெயில் என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஏ’யும் ‘ஐ’யும் இடம்மாறிப்போனால் எந்தப் படிவமும் கவனிக்காது, கோலம் சரியாகத்தானே இருக்கிறது. ‘கொம்’ என்பதில் நடு எழுத்து விடுபட்டால் அது கமரூன் நாட்டின் முடிவு. கடைசி எழுத்து விடுபட்டால் கொலம்பியா. முதலெழுத்து விடுபட்டால் ஓமான். மூன்றும் உண்மையான நாட்டு டொமைன்கள், மூன்றும் சோதனையில் தேறும். 2023 யூலையில் உலகப் பத்திரிகைகளில் வந்த செய்தி ஒன்று இதன் உச்சம். அமெரிக்க இராணுவத்தின் டொமைன் முடிவில் நடுவிலுள்ள ‘ஐ’ என்ற எழுத்தைத் தவறவிட்டால் அது ஆபிரிக்க நாடான மாலியின் முடிவாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்காக அமெரிக்கப் படையினருக்குப் போகவேண்டிய மடல்கள் பெருந்தொகையில் மாலியின் பக்கம் போய்ச் சேர்ந்தன. அந்த முகவரிகள் ஒவ்வொன்றும் வடிவத்தில் குறையற்றவை.

ஆகவே வடிவம் பார்த்து முகவரியை நிச்சயிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடித்தளமே இல்லை. நிச்சயிக்க ஒரே வழி, அந்த முகவரிக்கு ஒரு மடல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை ஆள் அழுத்துகிறாரா என்று பார்ப்பது. பெரும்பாலான சேவைகள் ஏற்கெனவே அதைச் செய்கின்றன. முன்னால் நிற்கும் கோலச் சோதனை வெறும் கெடுபிடி.

தமிழுக்கு வருவோம். ‘இணையம் இன்னும் அந்தளவுக்கு வளரவில்லை’ என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஆண்டுகளைச் சொல்லவேண்டும். ஆங்கிலமல்லாத டொமைன் பெயர்களுக்கான முதல் முயற்சிகள் 1998 அளவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்பவரைச் சுற்றி நடந்தன. அந்தத் தொடக்ககாலச் சோதனைகளில் தமிழும் இருந்தது. 2007 ஒக்ரோபரில் உலக டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் நிறுவனம் இணையத்தின் வேர் அட்டவணையில் 11 சோதனைப் பெயர்களைச் சேர்த்தது. அரபு, சீனம், உருசியம், இந்தி ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒன்று. பெயர் ‘.பரிட்சை’. உலகிலுள்ள ஆயிரக்கணக்கான மொழிகளில் முதல் வரிசையிலேயே இடம்பிடித்த மொழி இது. 2010 இல் இலங்கைக்கு ‘.இலங்கை’ என்ற தமிழ் முடிவும் அதற்கு இணையான சிங்கள முடிவும் ஒன்றாக அங்கீகாரம் பெற்றன. சிங்கப்பூருக்கு ‘.சிங்கப்பூர்’ வந்தது, இந்தியாவுக்கு ‘.இந்தியா’ வந்தது. ஆக, @ குறிக்கு வலப்பக்கம் தமிழ் ஏறி ஒன்றரைப் பதிற்றாண்டு ஆகிறது.

இடப்பக்கம் ஏறியது 2012 பெப்ரவரியில். அந்த மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 6530, 6531, 6532 ஆகிய ஆவணங்கள் உலகின் எந்த எழுத்தும் முகவரியில் வரலாம் என்று தரமாகவே அறிவித்தன. 2014 ஓகஸ்டில் ஜிமெயில் அத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் வழிசெய்தது. உலகெங்கும் மடல் சேர்வர்களில் பரவலாக இயங்கும் போஸ்ற்பிக்ஸ் மென்பொருள் 2015 இல் வந்த தன் மூன்றாம் பதிப்பில் அந்த வசதியைச் சேர்த்தது. 2016 இல் ஜெய்ப்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ‘டேட்டாமெயில்’ என்ற பெயரில் இந்திய மொழிகளில் இலவச முகவரி தரத் தொடங்கியது. 2017 இல் ராஜஸ்தான் அரசு தன் மக்களுக்கு இந்தியில் முகவரி வழங்கியது. 2018 பெப்ரவரியில் மைக்ரோசொப்ற் 15 இந்திய மொழி முகவரிகளுக்கு ஆதரவு அறிவித்தது. பட்டியலில் தமிழும் உண்டு. இவ்வளவும் நடந்தபின் ‘வளரவில்லை’ என்று சொல்லப்படுவது எது? வளராதது படிவம் மட்டுமே.

படிவம் ஏன் மறுக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால் மூன்று பூட்டுகள் தெரிகின்றன. முதற் பூட்டு, இணைய உலாவிகள் பின்பற்றி வந்த எச்.ரி.எம்.எல். வரையறை. மின்னஞ்சல் பெட்டிக்கென்று அது தரும் கோலம் மடல் தரத்தைத் தெரிந்துகொண்டே மீறுவதாக அந்த ஆவணமே வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. இடப்பக்கத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும் என்று அது நீண்டகாலம் நின்றது. குரோம் உலாவியில் தமிழில் எழுதினால், @ குறிக்கு முன்னால் இந்த எழுத்து வரக்கூடாது என்று உலாவியே எச்சரிக்கை காட்டியது இதனால்தான்.

இரண்டாம் பூட்டு வலப்பக்கத்தில். முகவரியின் கடைசித் துண்டு இரண்டு முதல் நான்கு அல்லது ஆறு ஆங்கில எழுத்துக்குள் அடங்கும் என்று எழுதப்பட்ட பழைய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. ‘.இலங்கை’ என்பது டொமைன் அட்டவணைக்குள் போகும்போது ஆங்கில எழுத்தும் எண்ணும் இணைப்புக்கோடும் கலந்த சங்கேத வடிவமாக மாற்றப்படுகிறது. அந்த வடிவம் 16 இடங்கள் நீளம். உள்ளே மூன்று எண்கள், இரண்டு இணைப்புக்கோடுகள். ஆறு எழுத்து எல்லை வைத்த நிரல் அதை எப்படி ஏற்கும்? இந்த வகைப் பிழையை ஜோன் கிளென்சின் என்ற தர வல்லுநர் 2004 இலேயே ஆர்.எஃப்.சி. 3696 இல் எடுத்துக்காட்டி எச்சரித்துவிட்டார். புதிய முடிவுகள் வரும்போது இப்படி ஊகித்து எழுதிய நிரல்கள் எல்லாம் உடையும் என்பது அவர் கருத்தின் சாரம். உடைந்தன. உடைந்தவற்றை எத்தனையோ பேர் இன்னும் திருத்தவில்லை.

மூன்றாம் பூட்டுதான் தமிழருக்கு மிகவும் வலிக்கவேண்டியது. நல்லெண்ணம் உள்ள நிரலாளர்கள்கூட இதைப் போட்டுவிடுகிறார்கள். ‘எல்லா மொழி எழுத்தையும் ஏற்போம்’ என்று முடிவுசெய்து, யூனிகோட்டில் ‘எழுத்து’ என்று வகைப்படுத்தப்பட்ட அனைத்தையும் அனுமதிக்கும் கோலத்தை எழுதுவார்கள். பிரெஞ்சு முகவரி தேறும், உருசிய முகவரி தேறும், சீன முகவரி தேறும். தமிழ் முகவரி தேறாது. யூனிகோட்டில் ‘கு’ ஒரு குறியல்ல, இரண்டு. ‘க’ எழுத்து வகையைச் சேர்ந்தது. அதன் கீழே வரும் உகரக் குறி ‘இணைகுறி’ என்ற வேறு வகை. அரவு, கொம்பு, விசிறி, குற்று எல்லாமே இணைகுறிகள். குருநகர் என்ற பெயர் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. அந்த எட்டில் ஐந்து மட்டுமே ‘எழுத்து’ வகை. இரண்டு உகரங்களும் கடைசிப் புள்ளியும் வெளியே நிறுத்தப்படும். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி இல்லாமல் எத்தனை தமிழர் தம் பெயரை எழுத முடியும்? நிரலில் இணைகுறி வகையையும் சேர்த்துக்கொள்ளச் சில எழுத்துகள் போதும். அந்தச் சில எழுத்துகளை யாரும் சேர்க்காததால் ஒரு மொழியே செல்லாததாகிவிடுகிறது.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் நியாயமானவையும் உண்டு.

‘ஆங்கிலத்தில் எழுதினால் போதுமே, யாருக்கு நட்டம்?’ என்பது முதலாவது. நட்டம் பெயர்க்காரருக்கு. குருநகர் என்ற ஊரின் பெயரையே ஆங்கிலத்தில் ‘ஜி’ போட்டும் எழுதலாம், ‘கே’ போட்டும் எழுதலாம். அந்தோனிப்பிள்ளை என்று கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் பரவலாக உள்ள பெயரை எடுத்தால், ரி-க்குப் பின் எச் உண்டா இல்லையா, முடிவு ஐயா வையா, பகரம் ஒன்றா இரண்டா, எல் ஒன்றா இரண்டா என்று வடிவங்கள் பெருகிக்கொண்டே போகும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, படிவம் நிரப்பியவர் கைக்கு வந்தது இன்னொன்று. தமிழிலும் அந்தோனி, அந்தோணி என்று இருவகை உண்டுதான். ஆனால் தான் கையொப்பமிடும் தமிழ் எழுத்து எது என்று அந்த மனிதருக்கு ஐயமே வராது. ஆங்கிலத்தில் தன் முகவரி என்ன என்று கேட்டால் அவர் சட்டைப்பையில் இருக்கும் துண்டுக் காகிதத்தைத் தேடவேண்டியிருக்கிறது. காகிதத்தில் இருப்பது வேறொருவர் அவருக்காகத் தெரிந்தெடுத்த எழுத்துக்கூட்டல். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத ஊரொப்பிய முறை இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டு அரசே சாட்சி. 2020 யூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்ட அரசு, எதிர்ப்பும் குழப்பமும் எழவே சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஓர் அரசால் தீர்க்க முடியாததைக் குருநகரில் ஒரு மீனவரின் மனைவி படிவப் பெட்டிக்குள் தீர்க்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நீதி?

‘தமிழ் முகவரிக்கு மடல் போய்ச் சேராது’ என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மடல் ஒரு சேர்வரில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, பெறும் சேர்வர் பிறமொழி முகவரி தனக்குத் தெரியும் என்று முதலில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் மடல் அனுப்பியவருக்கே திரும்பும். 2012 தரத்துக்கு முந்திய சோதனைக் கட்டத்தில், அப்படிப்பட்ட இடத்தில் முகவரியை ஆங்கில வடிவத்துக்கு இறக்கி அனுப்பும் முறை ஒன்று முயன்று பார்க்கப்பட்டு, குழப்பம் அதிகம் என்று கைவிடப்பட்டது. எனவே இன்றைக்கும் தமிழ் முகவரி வைத்திருப்பவர் சில இடங்களில் முட்டிக்கொள்வார். இதற்கு மருந்து, ஒரே பெட்டிக்கு இரண்டு முகவரி: ஒன்று தமிழில், ஒன்று ஆங்கில எழுத்தில். சேவை தருவோர் பலர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் ‘சில சேர்வர்கள் இன்னும் பழையவை’ என்பது வேறு, ‘உங்கள் முகவரி பிழை’ என்பது வேறு. படிவம் சொல்வது இரண்டாவதை. தன்னால் முடியவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில், முன்னால் இருப்பவரைப் பிழையாக்குகிறது.

மூன்றாவது எதிர்வாதம் பாதுகாப்பு. ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளால் ஏமாற்றுவார்கள் என்கிறார்கள். தமிழில் இந்த ஆபத்து இருப்பது உண்மை, அதற்கு உதாரணம் இந்த ஊரின் பெயரிலேயே கிடைக்கிறது. தமிழ் எண் ஐந்து ‘௫’ என்று எழுதப்படும். அதை ‘ரு’ வுக்குப் பதிலாகப் போட்டு ‘கு௫நகர்’ என்று எழுதினால் அவசரப் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ‘௧’ என்ற எண் ஒன்றும் ‘க’ வும் அப்படியே. ‘௭’ என்ற ஏழும் ‘எ’ யும் அப்படியே. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் அரவும் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யாழ்ப்பாணத்துப் பெயர்களில் நிறைந்திருக்கும் ‘ஸ்ரீ’ க்கும் இரண்டு வகை எழுத்துக்கோவை இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஓகாரம் போன்றவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒழுங்கை 2012 தரமே பரிந்துரைக்கிறது. டொமைனின் உயர்நிலைப் பெயர்களுக்கென்று 2019 இல் வெளியான தமிழ் விதித்தொகுப்பில் தமிழ் எண்களுக்கு இடமில்லை. இடப்பக்கத்திலும், எண் ஐந்து உள்ள பெயரையும் ‘ரு’ உள்ள பெயரையும் இரண்டு பேருக்குக் கொடுக்காமல் விடுவது பெட்டி வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு ஒரு சிறிய அட்டவணை போதும். ‘ஸ்ரீ’ யின் இரண்டு கோவைகளையும் ஒரே பெட்டிக்குத் திருப்பிவிடுவதும் அப்படியே. ஆங்கிலத்தில் இந்த ஆபத்து இல்லையா? சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் பல எழுத்துருக்களில் ஒரே கோடு. ஆரும் என்னும் ஒட்டி வந்தால் எம் போலத் தெரியும். உலகில் நடக்கும் பெரும்பாலான மின்னஞ்சல் மோசடி ஆங்கில எழுத்திலேயே நடக்கிறது. அதற்காக ஆங்கில முகவரி செல்லாது என்று எவரும் சொன்னதில்லை. ஒரு மொழியில் வந்தால் கவனமாக இருக்கவேண்டிய குறை, இன்னொரு மொழியில் வந்தால் தடைசெய்வதற்கான காரணமா?

‘வெளிநாட்டவர் எப்படித் தட்டெழுதுவார்?’ என்பது அடுத்த கேள்வி. தட்டெழுதத் தேவையில்லாத இடங்களே அதிகம். குருநகரில் ஒரு கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறார். பங்குத்தந்தை பாடசாலை அதிபருக்கு எழுதுகிறார். விதானையார் ஒரு குடும்பத்துக்குப் பதில் அனுப்புகிறார். இவர்களில் எவருடைய கைபேசியிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. வாட்ஸப்பில் நாள்முழுவதும் தமிழில்தான் எழுதுகிறார்கள். தமிழ்க் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் இலங்கைத் தரம் ஒன்று 2008 இலிருந்து இருக்கிறது. ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் தமிழறியாத அதிகாரிக்குக் கொடுக்க அந்த இரண்டாவது ஆங்கில முகவரி இருக்கிறது. தபாலிலும் இது புதிதல்ல. குருநகர், யாழ்ப்பாணம் என்று தமிழில் மட்டும் எழுதிய உறை இந்த நாட்டுக்குள் போய்ச் சேராமல் திரும்பியதாக யாரும் வழக்காடவில்லை. கனடாவில் இருந்து வரும் உறையில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். மீதியை யாழ்ப்பாணத் தபாலகம் பார்த்துக்கொள்ளும்.

மிகவும் பழகிப்போன வாதம் கடைசியில் வருகிறது: யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? பெட்டி மறுத்த மறுகணமே ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளப் பழகிய மக்கள், மறுத்தது பெட்டியின் பிழை என்று எண்ணவே வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. சிவப்பு வரி அவர்களைத்தான் பிழை என்றது. அதை அவர்கள் நம்பினார்கள். கேட்காததை விருப்பமின்மை என்று கணக்கெழுதுவது, சாய்வுப்பாதை கட்டாத அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியில் எவரும் வருவதில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது.

தனியார் நிறுவனம் தன் வசதிக்கு ஏதாவது செய்துகொள்ளட்டும் என்று விட்டாலும், அரச படிவத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று எழுதியது. நாட்டின் எந்தப் பகுதியில் இருந்தாலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு என்றும் சொல்லியது. மின்னஞ்சல் அந்தத் தொடர்பின் வழியாகிவிட்ட காலத்தில், தமிழில் எழுதிய முகவரியை ‘சரியானதல்ல’ என்று திருப்பும் அரச இணையத்தளம் அந்தத் திருத்தத்துக்கு எதிராக நிற்கிறது. இன்னொரு முரண் கண்முன்னே இருக்கிறது. ‘.இலங்கை’ என்ற பெயரை உலக மன்றத்தில் கேட்டுப் பெற்றதே இந்த நாடுதான். பெற்ற பெயரைத் தன் சொந்தப் படிவமே ஏற்காவிட்டால் அதைப் பெற்றதன் பயன் என்ன?

செய்யவேண்டிய வேலை பெரிதல்ல. பெட்டியில் @ குறி இருக்கிறதா, அதன் இருபுறமும் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். வலப்பக்க டொமைன் உண்மையில் மடல் வாங்குகிறதா என்று பெயர் அட்டவணையில் ஒருமுறை கேட்கவேண்டும். பிறகு உறுதிப்படுத்தல் மடல் ஒன்றை அனுப்பவேண்டும். தரவுத்தளத்தில் முகவரிக்கான இடத்தை ஆங்கில எழுத்துக்கென்று அளந்து வைக்காமல், தமிழில் ஒரு குறி மூன்று பைட் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்து ஒதுக்கவேண்டும். குருநகர் 24 பைட், அந்தோனிப்பிள்ளை 45 பைட். இரண்டும் 64 என்ற எல்லைக்குள் தாராளமாக அடங்குகின்றன. தலைப்பெழுத்தும் தகப்பன் பெயரும் சேர்த்து நீட்டி எழுதினால் இந்த எல்லை தமிழருக்கு இறுக்கமாக இருக்கும் என்பது மெய். 21 குறிகளுக்கு மேல் போகமுடியாது. அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கும் குரலும் தமிழ்ப் பக்கத்திலிருந்தே எழவேண்டும்.

முதலடியை வடக்கிலிருந்தே வைக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மாகாண சபையும் மாநகர சபையும் தங்கள் சேர்வர்களில் பிறமொழி முகவரி வசதியை இயக்கிவைத்து, அலுவலர்களுக்குத் தமிழிலும் ஒரு முகவரி கொடுக்கலாம். பொதுமக்களுக்கு வேறொரு வழியும் திறந்திருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு, மொழியுரிமை மீறல் பற்றிய முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்கிறது. அரச இணையப் படிவம் ஒன்று தமிழ் முகவரியைத் திருப்பினால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து, தமிழிலேயே ஒரு முறைப்பாடு எழுதி அனுப்பலாம்.